பழைய நான்கு சில்லுச் செலுத்துகை வாகனத்தில் எழும் சத்தம்: குறையைக் கண்டறிதலும் திருத்தலும்



வாகனம் ஒன்றின் வலுச் செலுத்துகைத் தொகுதியிலுள்ள பகுதிகளை வரிசையாக எழுதும்படி கேட்டால் நீங்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதிவிடுவீர்கள். கிளச்சு, கியர்ப்பெட்டி, செலுத்தல் தண்டு, டிபரென்ஷல், அச்சுத் தண்டு, சில்லு என்பது மனப்பாடம். ஆனால், "45 கி.மீ./மணி கதியில் செல்லும்போது பின்பக்கம் ஒரு சத்தம் கேட்கிறது. காரணத்தை எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?" என்று வினா வந்தால், பலர் "டிபரென்ஷல் பழுதடைந்துள்ளது" என ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். கராஜ்களிலும் இந்த அவசரம் உண்டு. அதன் விளைவாக வாகனக்காரர் பெருஞ்செலவில் டிபரென்ஷலை மாற்றிவிட்டு, அதே சத்தத்துடன் வீடு திரும்புவார். உண்மையில் பழுதான சிறு மூட்டோ போதிகையோ இன்னும் வாகனத்திலேயே இருக்கும். அது ஒருநாள் வீதியில் கழன்றால் இழப்பு பணத்தோடு நிற்காது.

இப்பாடத்தில் ஒரு வாகனத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது லான்ட் ரோவர் சீரிஸ் 3, நீண்ட உடல் வகை. லான்ட் ரோவர் முதன்முதலாக 1948 இல் வெளிவந்தது. சீரிஸ் 3 வகை 1971 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்டது. நமது மலையகப் பகுதிகளில் இவற்றைக் கண்டிருப்பீர்கள். அமைப்பு எளிமையானது. அதன் அச்சு விகிதமும் நமது கணக்குக்கு வசதியானது.

வலு செல்லும் பாதை

எஞ்சினின் வலு கிளச்சினூடாக நான்கு கியர்கள் கொண்ட பெட்டிக்கு வருகிறது. அதன் பின்னால் 'ட்ரான்ஸ்பர்' எனப்படும் இரண்டாவது பெட்டி உண்டு. வலுவைப் பின் அச்சுக்கும், தேவைப்படும்போது முன் அச்சுக்கும் அனுப்புவது இதுவே. இதில் உயர் நிலை, தாழ் நிலை என இரண்டு விகிதங்கள் உள்ளன. உயர் நிலையிலும் விகிதம் 1.148 : 1 ஆகும். அதாவது, இப்பெட்டியில் வலு எப்போதும் பற்சில்லுகளினூடாகவே செல்கிறது. எனவே இவ்வாகனத்தில் மெல்லிய முனகல் ஒன்று பிறப்பிலேயே உண்டு. அதைக் குறையெனக் கருதி எதையும் கழற்ற வேண்டாம். புதிதாகத் தோன்றியதும், நாளுக்கு நாள் கூடுவதுமான சத்தத்தையே நாம் தேடுகிறோம்.

ட்ரான்ஸ்பர் பெட்டியிலிருந்து முன்னும் பின்னும் ஒவ்வொரு செலுத்தல் தண்டு செல்கிறது. ஒவ்வொரு தண்டிலும் இரண்டு யுனிவர்சல் மூட்டுகள் உள்ளன. அச்சின் நடுவே 10 பற்கள் கொண்ட பினியன், 47 பற்கள் கொண்ட கிரவுன் சில்லைச் சுழற்றுகிறது. எனவே அச்சு விகிதம் 47 ÷ 10 = 4.7 ஆகும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையில் நடு டிபரென்ஷல் கிடையாது. இதை மறவாதீர்கள், பின்னர் தேவைப்படும்.

சத்தத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள தொடர்பு

விஞ்ஞான பாடத்தில் மீடிறன் கூடும்போது சுருதி கூடும் எனக் கற்றிருக்கிறீர்கள். அந்த ஒரு கூற்றே இங்கு நமது முதல் கருவி. சுழலும் பாகம் ஒன்றில் ஒரு வடு இருந்தால், அது ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டும். பற்களில் தேய்வு இருந்தால், ஒவ்வொரு பல்லும் மற்றதைச் சந்திக்கும்போது ஒலி எழும். ஆகவே சத்தத்தின் மீடிறன் தெரிந்தால் எந்தத் தண்டைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

7.50 – 16 அளவு டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.5 மீற்றர் செல்லும் எனக் கொள்வோம்.

45 கி.மீ./மணி = 12.5 மீற்றர்/செக்கன்
சில்லின் சுழற்சி = 12.5 ÷ 2.5 = செக்கனுக்கு 5 சுற்று
செலுத்தல் தண்டின் சுழற்சி = 5 × 4.7 = செக்கனுக்கு 23.5 சுற்று
பற்கள் சந்திக்கும் மீடிறன் = 23.5 × 10 = 235 ஹேர்ட்ஸ்

கடைசி வரியைக் கிரவுன் சில்லின் பக்கமிருந்தும் சரிபார்க்கலாம்: 5 × 47 = 235. இரண்டும் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் கணக்கில் பிழை.

இந்த எண்கள் காதுக்கு என்ன சொல்கின்றன? செக்கனுக்கு 5 முறை என்பது 'தட தட' என எண்ணத்தக்க சத்தம். 23.5 என்பது சத்தமாகக் கேட்பதைவிட இருக்கையிலும் தரைத்தகட்டிலும் அதிர்வாக உணரப்படும். 235 ஹேர்ட்ஸ் என்பது ஒருவர் வாய்மூடி முனகுவதைப் போன்ற தெளிவான சுருதியுள்ள ஊளை. டிபரென்ஷலின் பற்களைக் குற்றஞ்சாட்ட வேண்டுமானால் சத்தம் இந்த மூன்றாம் வகையில் இருக்க வேண்டும். அதிர்வைக் கேட்டுவிட்டு டிபரென்ஷலைக் கழற்றுவதில் பயனில்லை.

மெதுவான கதியில் இன்னும் எளிய வழி உண்டு. டயரில் சோக்கினால் ஒரு கோடு இடுங்கள். ஆளரவமற்ற சமதரையில் சாரதி வாகனத்தை நடைவேகத்தில் செலுத்தட்டும். வெளியே இரண்டு மீற்றர் தள்ளி நடப்பவர், சில்லு 10 சுற்றுச் சுற்றும் வரை, அதாவது 25 மீற்றர் தூரத்துக்கு, 'கீச்' சத்தத்தை எண்ண வேண்டும். 10 வந்தால் குறை சில்லிலோ பிறேக் தொட்டியிலோ அச்சுத் தண்டிலோ உள்ளது. 47 வந்தால் செலுத்தல் தண்டு. 94 அளவில் வந்தாலும் செலுத்தல் தண்டே. வளைந்து சுழலும் யுனிவர்சல் மூட்டு ஒரு சுற்றுக்கு இருமுறை சத்தமிடக்கூடும். வேகமாக வரும் ஒலியை எண்ணுவது கடினமாயின் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பின்னர் எண்ணலாம். ஒரு சாவியும் எடுக்காமல், ஒரு சதமும் செலவின்றி, தொகுதியின் பாதி இவ்வாறு கழிந்துவிடுகிறது.

ஒரு நேரத்தில் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றுதல்

விஞ்ஞானப் பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைப்பது போலவே இங்கும் செய்ய வேண்டும். முதலில் வாகனம் அசையாமல் நிற்கட்டும். எஞ்சின் ஓடட்டும், கியர் நடுநிலையில் இருக்கட்டும். கிளச்சு மிதியிலிருந்து காலை எடுத்த நிலையில், பெட்டியின் உட்செல்லும் தண்டும் அதனோடு எப்போதும் பொருந்தியிருக்கும் துணைத்தண்டும் சுழலும். அப்போது உறுமல் கேட்டு, மிதியை அழுத்தியதும் அது நின்றால் இவ்விரு தண்டுகளின் போதிகைகளைச் சந்தேகியுங்கள். மாறாக, மிதியை அழுத்தும்போது மட்டும் சத்தம் தோன்றினால் கிளச்சை விடுவிக்கும் போதிகை தேய்ந்துள்ளது. கராஜில் 'பெயாரிங்' என்று அழைப்பதையே நாம் போதிகை என்கிறோம்.

அடுத்து வாகனத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நான்காம் கியரில் வலு நேராகச் செல்வதால் துணைத்தண்டு சுழன்றாலும் அதன்மீது சுமை இல்லை. எனவே முதல் மூன்று கியர்களிலும் இருந்த சத்தம் நான்காம் கியரில் குறைந்தால் குறை துணைத்தண்டுப் பக்கம். நான்கு கியர்களிலும் ஒரேமாதிரி இருந்து, வாகனத்தின் கதியோடு மட்டுமே ஏறி இறங்கினால் குறை கியர்ப்பெட்டிக்குப் பின்னால் உள்ளது.

இப்போது ஆர்முடுக்கியைக் கவனியுங்கள். அதை அழுத்தும்போது பற்களின் ஒரு பக்கமும், காலை எடுத்து வாகனம் அமர்முடுகும்போது மறுபக்கமும் சுமையைத் தாங்குகின்றன. ஒரு நிலையில் மட்டும் ஊளை கேட்டு மற்றதில் மறைந்தால், கிரவுன் சில்லு – பினியன் பொருத்தத்தையோ பினியனின் போதிகையையோ ஆராய வேண்டும். கியரை நடுநிலைக்கு மாற்றி வாகனத்தை உருளவிட்டும் சத்தம் மாறாமல் இருந்தால் சில்லுப் போதிகை அல்லது டயர் என எண்ணலாம். இச்சோதனையின்போது எஞ்சினை நிறுத்தவே கூடாது. சாவியைத் திருப்பினால் சுக்கான் பூட்டிக்கொள்ளக்கூடும்.

சேற்று நிலத்துக்கான பெரிய கட்டைகள் கொண்ட டயர் தார் வீதியில் டிபரென்ஷல் போலவே ஊளையிடும். ஆனால் அது ஆர்முடுக்கியைப் பொருட்படுத்தாது. தார் வீதியிலிருந்து கிரவல் பாதைக்கு இறங்கியதும் சத்தத்தின் தன்மை மாறிவிடும். சில்லுப் போதிகையோ வளைவில் மாறும். வலப்பக்கம் திரும்பும்போது வாகனத்தின் சுமை இடப்பக்கச் சில்லுகளின்மீது சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கத்தையே முதலில் பாருங்கள்.

முன்னச்சைப் பற்றி ஒரு தவறான எண்ணம் மாணவரிடையே நிலவுகிறது. இரு சில்லுச் செலுத்துகையில் முன்னச்சு ஓய்வாக இருக்கும் என்று எழுதுகிறார்கள். அப்படியல்ல. எஞ்சின் அதைச் சுழற்றாவிட்டாலும், வீதியில் உருளும் முன் சில்லுகள் அச்சுத் தண்டு, டிபரென்ஷல், முன் செலுத்தல் தண்டு யாவற்றையும் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சில வாகனங்களில் முன் சில்லின் குடத்தில் கையால் திருப்பி விடுவிக்கும் பூட்டு உண்டு. அதை விடுவித்தால் இவை யாவும் நின்றுவிடும். விடுவித்ததும் சத்தம் மறைந்தால் குறை முன் டிபரென்ஷலிலோ முன் தண்டுகளிலோ உள்ளது. மறையாவிட்டால் முன் சில்லுப் போதிகையை இன்னும் விடுவித்துவிட முடியாது. சில்லு அதன்மீதே தொடர்ந்து சுழல்கிறது.

பழுதில்லாமல் எழும் சத்தம்

நடு டிபரென்ஷல் இல்லை என்று மேலே குறிப்பிட்டோம். நான்கு சில்லுச் செலுத்துகையை இணைத்தால் முன் தண்டும் பின் தண்டும் ஒரே எண்ணிக்கையிலேயே சுழல வேண்டும். ஆனால் வளைவில் முன்னச்சு செல்லும் பாதை நீளமானது. இவ்வாகனத்தில் அச்சுகளுக்கிடையேயான தூரம் 2.77 மீற்றர். பின்னச்சின் நடுப்புள்ளி 8 மீற்றர் ஆரையில் திரும்பினால், பைதகரசின் தேற்றப்படி முன்னச்சின் ஆரை ஏறத்தாழ 8.47 மீற்றர் ஆகும். 90 பாகை திரும்பும்போது பின்னச்சு 12.6 மீற்றரும் முன்னச்சு 13.3 மீற்றரும் செல்லும். வித்தியாசம் 0.7 மீற்றர். இது சில்லில் 0.28 சுற்று, செலுத்தல் தண்டில் 1.3 சுற்று.

இந்த 1.3 சுற்று எங்கே போகும்? சேற்றிலோ மணலிலோ டயர் வழுக்கித் தீர்த்துவிடும். காய்ந்த தார் வீதியில் டயர் எளிதில் வழுக்காது. தண்டுகள் முறுகி நிற்கும். சுக்கான் கனக்கும். ட்ரான்ஸ்பர் நெம்பு இறுகிக்கொள்ளும். பின்னர் டயர் திடீரென வழுக்கும்போது 'டொக்' என்ற பலத்த சத்தம் எழும். இதைக் கேட்டு யாராவது பெட்டியைக் கழற்றினால் உள்ளே எந்தக் குறையையும் காணமாட்டார். நேராகச் சில மீற்றர் பின்னோக்கிச் செலுத்தினால் பெரும்பாலும் முறுக்கம் தளர்ந்து நெம்பு விடுபடும். ஆனால் காய்ந்த தார் வீதியில் இவ்வாறே தொடர்ந்து ஓட்டினால் நல்ல மூட்டும் பழுதாகும்.

கீழே நுழைய முன்

இப்பகுதியை இருமுறை வாசியுங்கள். பெரும்பாலான வாகனங்களில் கைபிறேக் பின் சில்லுகளைப் பிடிக்கும். இந்த லான்ட் ரோவரில் அது ட்ரான்ஸ்பர் பெட்டியின் பின்னால், செலுத்தல் தண்டில் அமைந்த ஒரு தொட்டியைப் பிடிக்கிறது. பின் சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்தினால் என்ன நிகழும் என்று டிபரென்ஷலின் தத்துவத்தைக் கொண்டு சிந்தியுங்கள். தண்டு பூட்டப்பட்டுள்ளது, கிரவுன் சில்லு அசையாது. ஆனால் ஒரு சில்லு ஒரு திசையில் சுழன்றால் மற்றது எதிர்த்திசையில் சுழல டிபரென்ஷல் இடங்கொடுக்கும். உயர்த்திய சில்லு தடையின்றிச் சுழலக்கூடியதால் தரையிலுள்ள சில்லு உருண்டுவிடும். கைபிறேக் இறுக்கமாக இழுத்திருந்தும் வாகனம் ஜக்கிலிருந்து விழும். பின் செலுத்தல் தண்டைக் கழற்றிவிட்டாலோ, இரு சில்லுச் செலுத்துகையில் கைபிறேக் எந்தச் சில்லையும் பிடிக்காது.

ஆகவே சமதரையில், தரையிலுள்ள சில்லுகளின் இருபுறமும் முட்டுக்கட்டை வைத்த பின்னரே உயர்த்த வேண்டும். ஜக் உயர்த்துவதற்கு மட்டுமே. வாகனத்தைத் தாங்க உறுதியான இரும்புத் தாங்கிகள் வேண்டும். உயர்த்திய வாகனத்தைக் கியரில் ஓடவிட்டுச் சத்தம் கேட்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நீங்கள் அதைச் செய்யக்கூடாது.

கண்ணாலும் கையாலும் சோதித்தல்

முதலில் எண்ணெய். டிபரென்ஷலில் நிரப்பும் திருகை முதலில் கழற்றுங்கள். வடிக்கும் திருகை அதன் பின்னரே கழற்ற வேண்டும். வடித்துவிட்ட பின் நிரப்பும் திருகு துருவேறி அசையாவிட்டால் வாகனம் அங்கேயே நிற்க வேண்டியதுதான். திருகில் மெல்லிய சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது சாதாரண தேய்வு. விரலில் தட்டுப்படும் இரும்புத் துண்டோ ஊசி போன்ற உருளையோ இருந்தால் அது உடைவு. எண்ணெய் பால்கலந்த தேநீர் போல் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. ஆற்றைக் கடந்து செல்லும் வாகனங்களில் இது சாதாரணம். எண்ணெய் குறைந்திருந்தால் கைநூலில் குறிப்பிட்ட வகையை நிரப்பி, ஒழுகும் சீலையும் அச்சின் காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். துவாரம் சேற்றினால் அடைபட்டால், சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீலினூடாகத் தள்ளும்.

யுனிவர்சல் மூட்டைச் சோதிக்க, அதன் இருபுறத்தையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். நடுவிலுள்ள சிலுவையில் தளர்வு கண்ணுக்குத் தெரிந்தாலே அது மாற்றப்பட வேண்டியது. கிண்ணத்தின் ஓரத்தில் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசிப் போதிகைகள் கிறீஸின்றிக் காய்ந்துவிட்டன. நடைவேகத்தில் கேட்ட 'கீச்' சத்தத்தின் ஊற்று பெரும்பாலும் இதுவே.

புறப்படும்போது கேட்கும் 'டொக்' சத்தத்தில் நுணுக்கம் ஒன்று உண்டு. பினியனின் விளிம்புத் தட்டைக் கையால் அங்குமிங்கும் திருப்பினால் சற்றுத் தளர்வு தெரியும். அத்தளர்வு முழுவதும் டிபரென்ஷலுக்கு உரியதல்ல. இரு அச்சுத் தண்டுகளின் வெளிமுனைப் பற்களிலும் 2 பாகைத் தேய்வு இருந்தால், அது பினியனில் 2 × 4.7 = 9.4 பாகையாகப் பெருகித் தோன்றும். இதனால் நல்ல டிபரென்ஷல்கள் பல பழியேற்றுள்ளன. இவ்வாகனத்தின் அச்சுத் தண்டு வாகனத்தின் நிறையைத் தாங்குவதில்லை. எனவே சில்லைக் கழற்றாமலே, குடத்தின் வெளித்தட்டிலுள்ள ஆணிகளை அகற்றித் தண்டை உருவி, அதன் பற்களைப் பார்க்கலாம்.

மூட்டை மாற்றுதல்

செலுத்தல் தண்டைக் கழற்ற முன் விளிம்புத் தட்டுகள் இரண்டிலும் குறுக்காக ஓர் அடையாளக் கோடு இடுங்கள். வழுக்கும் இணைப்பின் இரு பாதிகளிலும் அவ்வாறே இடுங்கள். நான்கு ஆணிகளையும் அகற்றித் தண்டை இறக்கியபின், வளையப் பூட்டுகளை எடுத்து, வைஸில் வைத்துக் கிண்ணங்களை அழுத்தி வெளியேற்ற வேண்டும். புதிய சிலுவையைப் பொருத்தும்போது ஊசி உருளை ஒன்று சரிந்து கிண்ணத்தின் அடியில் விழுவது அடிக்கடி நிகழும். வளையப் பூட்டு அதன் தவாளிப்பில் முழுமையாக உட்காராவிட்டால் உருளை விழுந்துள்ளது என அறிந்து, மீண்டும் கழற்றுங்கள். சுத்தியலால் அடித்து இருத்த முயல வேண்டாம்.

அடையாளக் கோடு ஏன்? வளைந்து சுழலும் யுனிவர்சல் மூட்டில் ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒரு சுற்றில் இருமுறை விரைந்தும் இருமுறை தாழ்ந்தும் சுழலும். தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் இருந்தால் ஒரு மூட்டின் ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுசெய்யும். பற்களை மாற்றிக் கோத்தால் இந்த ஈடு கெட்டு, 45 கி.மீ./மணி கதியில் செக்கனுக்கு 47 முறை அதிர்வு எழும். பழைய சத்தத்தைத் திருத்தப் போய்ப் புதிய சத்தத்தைப் பொருத்திவிட்ட கதை பெரும்பாலும் இதுதான். விளிம்புத் தட்டு ஆணிகளுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் சாதாரண மென்னுருக்கு ஆணிகளை இடக்கூடாது. முன்முனையில் ஆணி முறிந்தால் தண்டு வீதியில் குத்தி நிற்கும்.

சில்லுப் போதிகையில் தளர்வு இருந்தால், கூம்பு உருளைகளை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். ஓடுபாதையில் குழியோ நீலம்பாய்ந்த நிறமோ இல்லாவிட்டால் புதிய கிறீஸ் இட்டு, கைநூல் கூறும் அளவுக்கு இறுக்கிப் பூட்டு வளையத்தை மடிக்கலாம். குழி இருந்தால் உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மிகையாக இறுக்குவதும் தளர்வைப் போலவே கேடு. போதிகை சூடேறி எரிந்துவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய வாகனம் 36 கி.மீ./மணி கதியில் செல்கிறது. செலுத்தல் தண்டின் சுழற்சியையும் கிரவுன் சில்லு – பினியன் பற்கள் சந்திக்கும் மீடிறனையும் காண்க.

விடை: 36 கி.மீ./மணி = 10 மீற்றர்/செக்கன். சில்லு செக்கனுக்கு 4 சுற்று. தண்டு 4 × 4.7 = 18.8 சுற்று. மீடிறன் 18.8 × 10 = 188 ஹேர்ட்ஸ்.

2. வாகனம் 25 மீற்றர் செல்லும்போது 47 முறை 'கீச்' சத்தம் கேட்கிறது. சாரதி டிபரென்ஷலை மாற்றும்படி கேட்கிறார். நீர் அவருக்கு யாது கூறுவீர்?

விடைக்குறிப்பு: சில்லு 10 முறை சுழல்கையில் 47 முறை சுழல்வது செலுத்தல் தண்டும் அதனோடு இணைந்த பினியனுமே. பினியன் எண்ணெயில் மூழ்கியுள்ளது. உலர்ந்த கீச்சொலி அங்கு எழுவது அரிது. எனவே டிபரென்ஷலைத் தொட முன் யுனிவர்சல் மூட்டுகளில் தளர்வும் துருத்தூளும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். "மூட்டு பழுது" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. எண்ணிக்கையைக் காரணமாகக் காட்ட வேண்டும்.

3. கைபிறேக் இழுத்திருந்தும் பின் சில்லு ஒன்றை உயர்த்திய லான்ட் ரோவர் உருள்வது ஏன்? படம் வரைந்து விளக்குக.

விடைக்குறிப்பு: படத்தில் பிறேக் தொட்டி செலுத்தல் தண்டில் காட்டப்பட வேண்டும். கிரவுன் சில்லு நிலையாக இருக்க, இரு அச்சுத் தண்டுகளும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதை அம்புக்குறியால் காட்டுக.